தெரியுதாடா?

1986, மார்ச் மாதம். விடிய இன்னும் ஒன்றரை மணி நேரமாவது இருக்கும். அப்பா என்னை உலுக்கி எழுப்பினார். "எழுந்திருடா, வால் நட்சத்திரம்." எனக்கு ஒன்பது வயது. நட்சத்திரத்துக்கு வால் இருந்தால் என்ன, கொம்பு இருந்தால் என்ன, தூங்கவிட்டால் போதும் என்றிருந்தது. ஆனால் அடுத்த அறையில் பாட்டி ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலைவாரி, மாற்றுப் புடவை கட்டி, ஊருக்குப் புறப்படுகிற மாதிரி தயாராக இருந்தாள்.

பாட்டிக்கு அப்போது 84. எட்டு வயதில், 1910-இல், அந்த வால் நட்சத்திரத்தைப் பார்த்தவள். அதை எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. சூரியன் விழுந்த இடத்துக்கு மேலே அது நின்றதாம். வால் கொண்டை ஊசி மாதிரி லேசாக வளைந்திருந்ததாம். அவளுடைய அப்பா ஒரே போர்வைக்குள் நான்கு பிள்ளைகளையும் சுற்றி வெளியே கொண்டுவந்து நிறுத்தினாராம். குளிரில் பல் தந்தியடித்ததாம். "அது திரும்ப வரும்னாங்க. நான் இருப்பேனான்னு கேட்டேன். எங்கப்பா சிரிச்சார்." கதை எப்போதும் அந்தச் சிரிப்பில்தான் முடியும்.

சரி, வந்துவிட்டது. அவளும் இருந்தாள். ஆனால் இரண்டு கண்ணிலும் கண்புரை. எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்று தெரியும், யார் என்று தெரியாது. குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். இருந்தாலும் மாடிக்கு வருவேன் என்று பிடிவாதம். அப்பா ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து ஏற்றினோம். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினாள்.

அப்பா கையில் செய்தித்தாளில் கத்தரித்த ஒரு படம். தென்கிழக்கு, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்தத் திசையில் சாம்பல் நிறத்தில் மூட்டம் போல ஒன்று படிந்திருந்தது. மேலே நட்சத்திரங்கள் எக்கச்சக்கமாக இருந்தன. எதற்கும் வால் இல்லை. நான் கண்ணைக் கசக்கிக்கசக்கிப் பார்த்தேன். அப்பா படத்தையும் வானத்தையும் மாற்றிமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டி என் தோளைப் பிடித்தாள். "தெரியுதாடா?"

அந்தக் கையின் கனம் இப்போதும் என் தோளில் இருக்கிறது. எலும்பும் நரம்புமாக, ஒரு பிடிப் பருத்தி அளவு கனம்தான். ஆனால் அது நடுங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன், "தெரியுது பாட்டி."

"வாலு?"

"இருக்கு. பெரிசா இருக்கு. வளைஞ்சு இருக்கு."

பாட்டி என் தோளிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டாள். சரியான திசையில்கூட இல்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்பா, "ஆமாம்மா, நல்லாத் தெரியுது" என்றார். இரண்டு வருடம் கழித்து அவள் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் ரெண்டு தரம் பார்த்தவ. ரெண்டாவது தரம் பேரன் கண்ணால பார்த்தேன்."

பொய் சொன்னது அதுதான் முதல் தடவை என்று சொல்லமாட்டேன். அந்த வயதில் நான் அதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன். வீட்டில் சாயங்காலம் எல்லோரும் கண்ணை மூடி உட்கார்வோம். அம்மா, "கண்ணை மூடிக் கும்பிட்டா சாமி தெரியும்" என்பாள். நான் கண்ணை ஒரு கீற்று திறந்து, மற்றவர்கள் மூடியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். மூடியிருப்பார்கள். எல்லோர் முகமும் எதையோ பார்ப்பது போல இருக்கும். நானும் மூடிக்கொள்வேன். இருட்டு. இமைக்குள் கொஞ்சம் சிவப்பு, சில புள்ளிகள். "தெரிஞ்சதா?" என்று அம்மா கேட்பாள். "வெளிச்சமா ஏதோ தெரிஞ்சது" என்பேன். அவள் முகம் மலரும். அந்த மலர்ச்சிக்காக எதை வேண்டுமானாலும் பார்த்ததாகச் சொல்லலாம்.

மற்றவர்களுக்கெல்லாம் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை, என்னிடம் ஏதோ கோளாறு. என் சிறுவயது பக்தி முழுவதும் இந்தப் பயத்தின் மேல்தான் நின்றது. அதை யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் தெரியவில்லை என்பது தெரிந்துவிடும்.

இந்த மாதிரிப் பயம் பதினேழு, பதினெட்டு வயதில் கோபமாக மாறும். எனக்கும் மாறியது. கடவுள் இல்லை என்று வீட்டில் அறிவித்தேன். அறிவித்தேன் என்பதுதான் சரியான சொல், ஒரு சிறிய உரையே ஆற்றினேன். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, விளக்கை அணைச்சிட்டுப் படு" என்றார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்துப் பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுகூடப் பயன்படவில்லை.

அந்த நாட்களில்தான் ஹாலி வால் நட்சத்திரத்தைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். பொய் உறுத்தியதா, வெறும் ஆர்வமா என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. 1986-இல் பூமியிலிருந்து அது தெரிந்த விதம் இரண்டாயிரம் வருடங்களில் மிக மோசமானதாம். சூரியனை அது நெருங்கிய பிப்ரவரி 9-ஆம் தேதி பூமி சூரியனுக்கு மறுபக்கத்தில் இருந்தது. அப்புறம் ஏப்ரலில் பூமியை நெருங்கி வந்தபோதும் தூரம் ஆறு கோடி கிலோமீட்டருக்கு மேல். 1910-இல் அது இரண்டு கோடிக்குக் கொஞ்சம் அதிகமான தூரத்துக்கே வந்திருக்கிறது. ஆக, என் கண்ணில் கோளாறு இல்லை. கோடிக்கணக்கான பேர் என்னைப் போலவே மங்கலான ஒரு திட்டைத் தேடிக்கொண்டு மாடியில் நின்றிருப்பார்கள். அதில் எத்தனை பேர் "தெரியுது" என்று சொன்னார்களோ.

நாங்கள் மாடியில் நின்ற அதே மார்ச் மாதம், 14-ஆம் தேதி, ஜியோட்டோ என்ற ஐரோப்பிய விண்கலம் அதன் கருவிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்குள் போய்ப் படம் எடுத்தது. பதினைந்து கிலோமீட்டர் நீளத்தில், கடலை போல ஒரு கட்டி. நிலக்கரியைவிடக் கறுப்பு. மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றில் நான்கு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. பாட்டி கும்பிட்ட வெளிச்சத்துக்கு நடுவில் இருந்தது இதுதான். இதைப் படித்த வயதில் எனக்கு ஒரு வெற்றிச் சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது வருவதில்லை.

அப்புறம் இன்னொன்று தெரியவந்தது. இது நிறைய நாள் கழித்து, முப்பது வயதுக்கு மேல். 1910-இல் வந்தது ஒரு வால் நட்சத்திரம் அல்ல, இரண்டு. ஹாலி ஏப்ரல் 20-இல் சூரியனை நெருங்கி, மே மாதத்தில்தான் பிரமாதமாகத் தெரிந்தது. அதற்கு முன்பே, ஜனவரியில், யாரும் எதிர்பாராத வேறொன்று வந்து பகலிலேயே கண்ணுக்குத் தெரியுமளவு பிரகாசித்துவிட்டுப் போனது. ஜனவரிக் கடைசியில் அது சூரியன் மறைந்த பிறகு மேற்கே, வளைந்த வாலோடு நின்றது. பிற்காலத்தில் "1910-இல் ஹாலியைப் பார்த்தேன்" என்று சொன்ன முதியவர்கள் பலருக்கு உண்மையில் நினைவில் இருந்தது இந்த ஜனவரி விருந்தாளிதான்.

படித்துவிட்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரே போர்வைக்குள் நான்கு பிள்ளைகள். பல் தந்தியடித்த குளிர். சூரியன் விழுந்த இடத்துக்கு மேலே, வளைந்த வால். மே மாதத்தில் ஏது அந்தக் குளிர்? ஹாலியின் மேல் அந்தச் சமயத்தில் உலகத்துக்கே கண் இருந்தது. பூமி அதன் வாலுக்குள் புகுந்து போகும், வாலில் விஷவாயு இருக்கிறது என்று சில ஊர்களில் மாத்திரைகூட விற்றிருக்கிறார்கள். ஆகவே வீட்டில் பெரியவர்கள் பேசியதெல்லாம் ஹாலியைப் பற்றி. எட்டு வயதுக் குழந்தை, பார்த்ததையும் கேட்டதையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கலாம். திரும்பி வரும் என்று அவளுடைய அப்பா சொன்னது ஒன்றை. அவள் பார்த்தது இன்னொன்றை. பார்த்தது திரும்பி வர ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகும்.

உறுதியாகச் சொல்ல இனி வழியில்லை. ஆனால் என் மனதில் அது தீர்ப்பாகிவிட்டது. பாட்டி உண்மையாகவே பார்த்தாள், பெயரை மாற்றிச் சொன்னாள். நான் பெயரைச் சரியாகச் சொன்னேன், பார்க்கவே இல்லை.

பாட்டி வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தது தவறான ஒன்றுக்காகவா? நெடுநாள் இது என்னைக் குடைந்தது. கடவுளைப் பற்றி நான் கேட்டுக்கொண்ட கேள்வியும் இதுதானே என்று பட்டது. ஒருவர் கும்பிடுகிற பெயர் தவறாக இருக்கலாம், திசை தவறாக இருக்கலாம், தண்ணீர்த் தொட்டியாகக்கூட இருக்கலாம். எட்டு வயதில் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தாளே, அது எப்படித் தவறாகும்?

இந்த யோசனையெல்லாம் வசதியாக உட்கார்ந்து செய்தது. வாழ்க்கை அதைப் பரீட்சை வைத்துப் பார்த்தது 2015-இல். அம்மா பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தாள். கடவுள் இல்லை என்று உரையாற்றியவன் அந்த நடைபாதை நாற்காலியில் என்னவெல்லாம் பேரம் பேசினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இதை விட்டுவிடுகிறேன், அதைச் செய்கிறேன், என் ஆயுளில் பத்து வருடம் எடுத்துக்கொள். ஏழாம் நாள் பத்து வருடத்தைப் பதினைந்தாக உயர்த்தினேன். ஏலம் எடுக்க எதிரில் யாரும் இல்லை. பன்னிரண்டாம் நாள் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம், வேறு விதமாக.

எல்லாம் முடிந்து உறவுகள் கிளம்பிப் போன மறுநாள் காலை, அப்பா வழக்கம் போலக் குளித்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. "இன்னும் என்னப்பா கேக்கறீங்க?" என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நான் எங்கே கேக்கறேன்?" கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டதைக் குடுக்கலைன்னா பேச்சை நிறுத்திடுவியா? உங்கம்மாகிட்ட நான் கேட்டதுல பாதிதான் நடந்திருக்கும். நாப்பத்தஞ்சு வருஷம் பேசிக்கிட்டுத்தானே இருந்தோம்?" என்றார். சிரித்தார். அப்புறம் அழுதார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். இருட்டு, கொஞ்சம் சிவப்பு, சில புள்ளிகள். சிறுவயதில் பார்த்த அதே புள்ளிகள் என்றுதான் தோன்றியது. யாரும் "தெரிஞ்சதா?" என்று கேட்கவில்லை. கேட்க இருந்த ஒரே ஆளும் போய்விட்டாள்.

அன்றிலிருந்து காலையில் பத்து நிமிடம் உட்கார்கிறேன். இதைத் தியானம், பிரார்த்தனை என்றெல்லாம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. மந்திரம் கிடையாது, வேண்டுதல் கிடையாது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதை ஒளிக்காமல் உட்கார்வது, அவ்வளவுதான். முதல் ஐந்து நிமிடம் அலுவலகக் கணக்கு ஓடும். அடுத்த மூன்று நிமிடம் முழங்கால் வலியைப் பற்றி. கடைசி இரண்டு நிமிடத்தில் சில நாட்களில், எல்லா நாட்களிலும் இல்லை, யாரோ தோளில் கை வைத்திருப்பது போல ஒரு கனம். பருத்தி அளவு கனம். அது பாட்டியா, கடவுளா, கழுத்து எலும்புத் தேய்மானமா என்று நான் விசாரிப்பதில்லை. ஒன்பது வயதில் இல்லாததை இருக்கிறது என்றவன், நாற்பதில் இருப்பதை இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாமே.

வயதாவது பற்றி வேறு என்ன சொல்ல? வெள்ளெழுத்து வந்தது. நாற்பதைத் தாண்டினால் கண்ணின் வில்லை இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பது மங்கும், தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும் என்று கண் மருத்துவர் விளக்கினார். இதை வைத்துத் தத்துவம் பேச எல்லோருக்கும் கை அரிக்கும். எனக்கும் அரித்தது. வேண்டாம், கண்ணாடி வாங்கிக்கொண்டேன்.

2023 டிசம்பர் 9. இரவு படுக்கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறு செய்தி. ஹாலி வால் நட்சத்திரம் இன்று தன் பாதையின் கடைக்கோடியை அடைகிறது. சூரியனிலிருந்து ஐந்நூறு கோடி கிலோமீட்டருக்கும் அப்பால், நெப்டியூனின் பாதைக்கும் வெளியே. சூரியனுக்குப் பக்கத்தில் நொடிக்கு ஐம்பத்து நான்கு கிலோமீட்டர் ஓடுவது, அங்கே ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் ஊர்ந்துகொண்டிருக்கிறது. வாலும் கிடையாது. வால் சூரியன் கிட்டே வந்தால்தான் முளைக்கும். இருட்டில் ஒரு கறுப்புக் கட்டி, அவ்வளவுதான். இன்றோடு திரும்புகிறது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். அந்த மாடியில் பொய் சொன்ன நாளிலிருந்து நான் பள்ளிக்குப் போய், காதலித்து, வேலைக்குச் சேர்ந்து, மகளைப் பெற்று, அம்மாவை அனுப்பி, தலை நரைத்து, இத்தனை வருடமும் அது விலகி விலகிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இனி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டே. சூரியனை அது அடுத்து நெருங்குவது 2061 ஜூலை 28. அன்று நான் இருந்தால் எனக்கு 84. பாட்டி மாடியேறிய அதே வயது. இந்தக் கணக்கை அதுவரை நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

அந்த வால் நட்சத்திரத்துக்குத் தன் பெயரைத் தந்த வானியலாளர் ஹாலியும் கணக்குப் போட்டவர்தான். 1682-இல் தான் கண்டது 1758-இல் திரும்பும் என்று 1705-இலேயே எழுதி வைத்தார். 1742-இல் இறந்துவிட்டார். 1758 கிறிஸ்துமஸ் இரவு ஜெர்மனியில் பாலிட்ச் என்ற விவசாயி அதை முதலில் கண்டார். தான் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே ஒரு தேதியைச் சொல்லிவிட்டுப் போவதற்கு எப்படிப்பட்ட மனம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நம்பிக்கை என்பதா, கணிதம் என்பதா? அவரைக் கேட்டால் கணிதம் என்றுதான் சொல்லியிருப்பார்.

மறுநாள் காலை அப்பாவிடம் போனேன். 81 வயது. காது மந்தம், மற்றபடி தெளிவு. முப்பத்தேழு வருடப் பொய்யை அவரிடம்தான் சொல்ல முடியும். "அப்பா, அன்னைக்கு மாடியில நான் ஒண்ணுமே பார்க்கல. பாட்டிக்காகச் சும்மா சொன்னேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நிஜமாவா?"

"நிஜமா."

"அடப்பாவி. நானும் பார்க்கலடா. நீ தெரியுதுன்னு சொன்னே. சின்னக் கண்ணு, நல்லாத் தெரியும்போலன்னு நெனச்சேன். அதான் நானும் ஆமான்னேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. இருமல் வருகிற அளவு சிரித்தார். "பாவம், அம்மா" என்றார் கடைசியில். "அவளாவது பார்த்தாளே, சின்ன வயசுல." ஜனவரி விருந்தாளியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நாற்பத்தாறு வயதில் இது ஒரு புதுப் பொய்யா என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

ஹாலியை இப்போது பார்க்க முடியாது. அது உதிர்த்துவிட்டுப் போன தூசைப் பார்க்கலாம். வருடத்தில் இரண்டு முறை, மே மாதத் தொடக்கத்திலும் அக்டோபர் இருபது வாக்கிலும், பூமி அந்தத் தூசுப் பாதையைக் கடக்கும்போது எரிகற்கள் விழும். போன நூற்றாண்டுக்கும் முன்னால் உதிர்ந்த தூசுகூட அதில் இருக்கும். 2024 மே மாதம் நிலா வெளிச்சம் இல்லாத விடியற்காலை ஒன்று பார்த்து, மகளை எழுப்பினேன். பன்னிரண்டு வயது. அந்த வயதுக்கே உரிய முறைப்பு முறைத்தாள். அப்பாவும் வருவேன் என்றார். ஒரு கையை அவள் பிடித்துக்கொண்டாள், ஒரு கையை நான்.

மாடியில் பாய் விரித்து நாங்கள் இருவரும் படுத்தோம். அப்பாவுக்கு நாற்காலி. கண்ணாடியைக் கழற்றினேன், மாட்டினேன், கழற்றினேன். முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. கழுத்து வலித்தது. அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அதோ!" என்றாள். "அப்பா, பாத்தீங்களா?"

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "இல்லம்மா. பார்க்கல."

"ஐயோ. எவ்ளோ பெரிசு! தாத்தா, நீங்க?"

இருட்டில் நாற்காலி கொஞ்சம் கிரீச்சிட்டது. "எனக்கும் தெரியல கண்ணு" என்றார் அப்பா. "எந்தப் பக்கமிருந்து வந்துச்சு? சொல்லு."

அவள் எழுந்து நின்று, கையை நீட்டிக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தாள்.